பண்ருட்டியில ஏதுடா சிங்கம்?

"சித்தி, நான்தான் சிம்பா! வரும்போது சிங்க முடி வாங்கிட்டு வா!"

டிசம்பர் மாத ராத்திரி ஷிஃப்ட். மழை எச்சரிக்கை நோட்டிஃபிகேஷனைத் தட்டிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ். அனுப்பியவன் அக்கா மகன். நான்காம் வகுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடு. காணும் பொங்கல் அன்று சாயங்காலம், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து 'தி லயன் கிங்' நாடகம் போடப்போகிறார்களாம். பதினோரு பேர். பாட்டும் உண்டாம், டான்ஸும் உண்டாம்.

அடுத்த நிமிஷமே அக்கா போன் செய்தாள். "நீதான் பத்திரிகைல இருக்கியே. வசனம் எழுதிக் கொடுத்துடு. அரையாண்டு லீவுக்கு இங்கேயே வந்துடு. இதுங்களை என்னால மேய்க்க முடியலை."

பத்திரிகையில் இருந்தால் நாடகம் எழுத வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. நான் எழுதுவதெல்லாம் எட்டு வார்த்தைத் தலைப்புகள். ஆனாலும் சரி என்றேன். அந்தப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கும் விதம்தான் என்னை இழுத்தது. ஒருவன் இந்தியில் பார்த்திருக்கிறான். ஒருத்தி ஆங்கிலத்தில். அக்கா மகனுக்கு 2019-ல் வந்த புதுப் படத்தின் தமிழ் டப்பிங்தான் வேதம். அதில் சிம்பாவுக்கு சித்தார்த், கெட்ட சித்தப்பா ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர் குரல் கொடுத்திருப்பார்கள். பும்பா வசனம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பல ஊர்க்காரர்கள் வேலைக்காக வந்து குடியேறிய டவுன்ஷிப் அது. ஒரே சிங்கம் அங்கே மூன்று மொழி பேசியது.

சினிமா நாடகம் ஆன கதை

வசனம் எழுதுவதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தேடிப் பார்த்தேன்.

கார்ட்டூன் படம் வெளிவந்தது 1994-ல். மூன்றே வருஷத்தில், 1997-ல், அதை நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்கியவர் ஜூலி டேமர் என்கிற பெண்மணி. இசை நாடகத்தை இயக்கியதற்காக 'டோனி' விருது வாங்கிய முதல் பெண் அவர்தான், 1998-ல். நம் நாட்டிலும் இந்த மாதிரி முயற்சி நடந்திருக்கிறது. 2015-ல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 2018-ல் 'அலாவுதீன்' என்று இரண்டு டிஸ்னி படங்கள் மும்பையில் மேடையேறின. நடித்தவர்கள் இந்தியக் கலைஞர்கள்.

நம்மூரில் இது தலைகீழாக நடந்தது என்பதும் ஞாபகம் வந்தது. 'பவளக்கொடி' முதலில் மேடை நாடகம். அப்புறம்தான் 1934-ல் தியாகராஜ பாகவதர் நடித்து சினிமா ஆனது. இங்கே நாடகம் சினிமா ஆயிற்று. அங்கே சினிமா நாடகம் ஆயிற்று.

போனில் அந்த மேடைக் காட்சிகளைப் பார்த்தேன். முதல் காட்சியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒட்டகச்சிவிங்கி வருகிறது. உள்ளே ஒரு மனிதர், கையிலும் காலிலும் கட்டைகளைக் கட்டிக்கொண்டு நான்கு கால்களில் நடக்கிறார். அதை அவர்கள் மறைக்கவே இல்லை. சிங்க ராஜாவின் முகமூடி நடிகரின் தலைக்கு மேலே இருக்கிறது. கீழே அவருடைய சொந்த முகம் பளிச்சென்று தெரிகிறது. யானை பார்வையாளர்கள் நடுவே நடந்து வருகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று காட்ட, மேடையில் வட்டமாக விரித்த நீலத் துணி தரையில் உள்ள ஒரு துளைக்குள் மெல்ல மெல்ல இழுபட்டு மறைகிறது. குளம் வற்றிவிட்டது, அவ்வளவுதான். பெண் சிங்கங்கள் அழும்போது கண்ணிலிருந்து நீளமான வெள்ளை நாடாக்களை உருவுகிறார்கள்.

இதையெல்லாம் நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பார்த்தது எங்கள் தாத்தாவிடம்.

காதோரம் ஒட்டியிருந்த அரிதாரம்

அம்மாவின் அப்பா. பண்ருட்டிப் பக்கம் ஒரு ஏக்கர் முந்திரி, வரப்போரம் ஏழு பலா மரம். பகலில் தோப்பு. கோடையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் வந்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. துரியோதனன் வேஷம் கட்டுவார். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் வைக்க ஒரு பெரிய பெட்டி இருந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. விடியவிடிய ஆட வேண்டுமே, கனமில்லாத மரமாக இருந்தால்தானே முடியும்? (பிராட்வே சிங்கங்களின் முகமூடியைக் கார்பன் இழையில் செய்ததும் இதே காரணத்துக்காகத்தான்.)

2011 ஏப்ரல். நான் நான்காம் வகுப்பு. முழுப் பரீட்சை முடிந்த அன்று என்னை அழைத்துப் போகத் தாத்தா வந்தார். ராத்திரி கூத்து முடிந்து நேராக வந்திருக்கிறார் போல. காதோரத்தில் சிவப்பு அரிதாரம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. கூட இருந்த தோழி, "யாருடி அது?" என்றாள்.

"எங்க தோப்புல வேலை செய்றவரு."

அவர் காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தார்.

அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 30, தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் தோப்பு என்று ஒன்று இல்லை. ஏழு பலாவில் ஐந்து வேரோடு கிடந்தன. பெட்டி இருந்த கொட்டகைக் கூரை பறந்து, ஜோடனைகள் மழையில் ஊறிக் கண்ணாடிச் சில்லெல்லாம் உதிர்ந்துவிட்டன. தாத்தா அதற்கப்புறம் வேஷம் கட்டவே இல்லை.

ஊரில் எல்லோரும் புயலால்தான் விட்டுவிட்டார் என்பார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஏப்ரலில் நான் சொன்னேன். டிசம்பரோடு அவர் நிறுத்தினார். என்னால்தானோ? பதினைந்து வயசில் கேட்டிருக்கலாம். இருபதில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சிங்கம் போய் நரி வந்தது

லீவில் ஊருக்குப் போனேன். அக்கா, மகனோடு பண்ருட்டிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் வேலையாக அவனிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் பாட்டும் வசனமும் இன்னொருவருக்குச் சொந்தம். மேடையில் போட வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டில் பள்ளிகள்கூட 'மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல்' என்ற நிறுவனத்திடம் உரிமை வாங்கித்தான் போடுகின்றன. பிள்ளைகளுக்கென்றே 30 நிமிஷம், 60 நிமிஷம் என்று சுருக்கிய வடிவங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு இரண்டரை வாரம்தான் இருக்கிறது.

அவன் திண்ணையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். தாத்தா முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"என்னாத்துக்குடா அழுவுற?"

"சிங்கம் வேஷம் போச்சு தாத்தா."

"பண்ருட்டியில ஏதுடா சிங்கம்? நம்ம ஊர்ல என்ன இருக்கோ அதப் போடு."

நான் போனில் அந்த மேடைக் காட்சியை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கி நடந்து முடியும்வரை பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார்.

"யாரு இவங்க வாத்தியாரு?"

"ஒரு அம்மா, தாத்தா. அமெரிக்காக்காரங்க."

"கூத்து பாத்திருக்காங்களா?"

"இந்தோனேசியாவுல சில வருஷம் இருந்திருக்காங்க. அங்க நிழல் பொம்மலாட்டம், முகமூடி ஆட்டம் எல்லாம் கத்துக்கிட்டாங்களாம்."

"அதான பாத்தேன்" என்றார். ஏதோ உறவுமுறை கண்டுபிடித்த மாதிரி ஒரு திருப்தி முகத்தில்.

மறுநாள் தாத்தா எங்களோடு நெய்வேலிக்கு பஸ் ஏறினார்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் புதுக் கதை பேசினோம். இடம், முந்திரித் தோப்பு. ராஜா யார்? மயில் என்றாள் ஒருத்தி. "மயிலைப் பார்த்தா யாரு பயப்படுவா?" என்றான் இன்னொருவன். கடைசியில் நரி என்று முடிவாயிற்று. "எல்லாக் கதையிலயும் நரியை ஏன் கெட்டவனாவே காட்டறாங்க?" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டதுதான் காரணம். ராஜா நரி, அம்மா நரி, குட்டி நரி, சித்தப்பா நரி. கூட ஒரு உடும்பு, ஒரு கீரி, மாட்டுக் கூட்டம்.

பண்ருட்டி கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். பொம்மை செய்யும் தெரிந்த ஒருவரிடம் சொல்லிக் காகிதக் கூழில் நரி முகங்கள் செய்து வாங்கினோம். அக்கா மகன் உடனே அதை முகத்தில் மாட்டிக்கொண்டான். தாத்தா கழற்றினார்.

"முகத்த மூடிக்கினா நீ அழுவுறது யாருக்குத் தெரியும்? தலைக்கு மேல கட்டு. கீழ உன் மூஞ்சி இருக்கட்டும். ரெண்டையும் பாக்குறவன் பாத்துக்குவான்."

ஜூலி டேமரின் முகமூடிகளைப் பற்றி நான் படித்திருந்த அத்தனை பத்திகளும் இந்த நாலு வரியில் அடங்கிவிட்டன.

மரம் முறியும் சத்தம்

படத்தில் காட்டெருமைக் கூட்டம் ஓடி வரும் காட்சி பிரசித்தம். அதில்தான் அப்பா சிங்கம் சாகும். பிராட்வேயில் அதை உருளைகள், முகமூடிகளை வைத்துக் காட்டுகிறார்கள். தூரத்தில் சிறியதாக, கிட்டே வரவரப் பெரியதாக. எங்களிடம் இருந்தது பதினோரு பிள்ளைகளும் நாலு பச்சைப் புடவைகளும்.

"நம்ம தோப்ப அழிச்சது எருமையா?" என்று கேட்டார் தாத்தா. எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஒத்திகை டிசம்பர் 30 அன்று நடந்தது. வேண்டுமென்று தேதி பார்த்து வைக்கவில்லை. நான்கு பிள்ளைகள் நாற்காலிமேல் நின்று பச்சைப் புடவைகளை உயரப் பிடித்தார்கள். அதுதான் தோப்பு. ஒருவன் வாயால் 'உய்ய்ய்' என்று காற்றுச் சத்தம் போட்டான்.

தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். "காத்து சத்தம் யாருக்கு ஞாபகம் இருக்குது? மரம் முறியற சத்தம்தான்டா ஞாபகம் இருக்கும்."

காய்ந்த தென்னை மட்டைகளைக் கொண்டுவந்தோம். ஆளுக்கொன்றாகக் காலால் மிதித்து முறித்தார்கள். ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு புடவை கீழே விழுந்தது. நாலும் விழுந்தபின் பிள்ளைகள் அடுத்த வசனத்துக்கு ஓடினார்கள்.

"இரு இரு. யாரும் பேசாத. பத்து எண்ணு மனசுக்குள்ள. மறுநாள் காலைல ஒரு குருவி சத்தம்கூட இல்ல."

பத்து எண்ணினோம். தாத்தா தரையில் கிடந்த பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வாண்டுகளும் மூச்சு விடவில்லை. அதில் பாதிப் பேர் தானே புயலுக்குப் பின் பிறந்தவர்கள் என்று சொல்ல வந்தேன். எண்ணிப் பார்த்தால் எல்லோருமே அப்படித்தான்.

எதை விடலாம், எதை விடக் கூடாது

ஒரு கதையைத் திரையிலிருந்து மேடைக்குக் கொண்டுபோகும்போது எவ்வளவோ மாறுகிறது. 88 நிமிஷப் படம் பிராட்வேயில் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. படத்தில் ஆணாக இருந்த ரஃபிக்கி குரங்கை டேமர் பெண்ணாக்கினார். வளர்ந்த சிம்பா தனியே நின்று அப்பாவை நினைத்துப் பாடும் பாட்டு படத்தில் கிடையாது, மேடையில் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் சிங்கத்தையும் ஆப்பிரிக்காவையும் பாட்டையும் எடுத்துவிட்டோம்.

ஆனால் ஒன்றை மட்டும் எடுக்க முடியவில்லை. அப்பா செத்துக் கிடக்கிறார். சித்தப்பா வந்து குட்டியிடம், 'உன்னால்தான்' என்கிறான். குட்டி நம்பிவிடுகிறது, ஓடிப்போகிறது. அந்தப் பொய்தான் முழுக் கதையையும் நடத்துகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் மிருகக் கதை. அது இருந்தால் சிங்கம் நரியானாலும் கதை நிற்கிறது. மூன்று மொழியில் பார்த்த பிள்ளைகளும் அந்த இடத்தில் மட்டும் ஒரே மாதிரி அமைதியானதைப் பார்த்தேன். 'என்னால்தானோ' என்று பயப்படாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அப்பா அம்மா சண்டை போட்டால், பாட்டிக்கு உடம்புக்கு வந்தால், குடும்பத்தில் பணம் இல்லாமல் போனால், எங்கோ ஒரு மூலையில் ஒரு பிள்ளை தன் தப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

அந்த வசனத்தை எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

மைக்கில் ஒரு குரல்

காணும் பொங்கல். வேப்பமரத்தடியில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த நாற்காலிகள். இந்தி பேசும் பையன்தான் கட்டியங்காரன். "வர்ரது யாரு... வர்ரது யாரு?" என்று அவன் மழலைத் தமிழில் கேட்டபோதே கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. ஜனங்களுக்குப் பின்னாலிருந்து மாட்டுக் கூட்டம் மணியடித்துக்கொண்டு நுழைந்தது. ஒரு கைக்குழந்தை நிஜமாகவே பயந்து அழுதது. திரைக்கு ஒரு வேட்டி. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கீழே நரிகளின் சலங்கைக் கால் மட்டும் தெரிந்தது. குட்டி நரியின் தோளில், அன்றைய மழையில் தப்பிய ஒற்றைப் புஜக்கட்டை. தாத்தா அதற்குப் புது ஜிகினா ஒட்டியிருந்தார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போட்டார். பின்பாட்டும் அவரேதான். குரல் நடுங்கியது. பாதியில் சரியாகிவிட்டது.

மட்டைகள் முறிந்தன. புடவைகள் விழுந்தன. பத்து எண்ணும்வரை வேப்பமரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும், "அன்னைக்கு எங்க வீட்டு ஓடும் இப்படித்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

கடைசியில் குட்டி நரி திரும்பி வந்து, விழுந்த மரத்தின் பக்கத்தில் ஒரு முந்திரிக் கன்றை நட்டதும் நாடகம் முடிந்தது. கன்று நிஜக் கன்று.

அப்புறம் மைக்கில் ஒவ்வொருவராக அறிமுகம். அக்கா மகன் முறை வந்தது. பேரைச் சொன்னான். வகுப்பைச் சொன்னான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் கொள்ளுத் தாத்தா. அவர் கூத்து வாத்தியார்" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நான் நான்காம் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியதை, நான்காம் வகுப்பில் இருக்கும் அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் பஸ்ஸில் தாத்தாவும் நானும் பண்ருட்டிக்குத் திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகள். புயலுக்கு அப்புறம் வைத்த மரங்கள், இப்போது நன்றாகவே அடர்ந்துவிட்டன. கேட்டுவிட்டேன்.

"தாத்தா... நீங்க கூத்த விட்டது, நான் அன்னிக்கு ஸ்கூல்ல அப்படிச் சொன்னதாலயா?"

ஞாபகம் இருக்காது என்று உள்ளூர ஓர் ஆசை. இருந்தது.

"என்னா சொன்ன? தோப்புல வேலை செய்றவருன்னு சொன்ன. செஞ்சிக்கினுதான இருந்தேன்? பொய் ஒண்ணும் சொல்லலியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்குக் கஷ்டமா இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக யாராவது வேஷத்த விடுவாங்களா? தோப்பு போச்சு. கடன் ஆச்சு. ராத்திரி கண்ணு முழிச்சா பகல்ல கன்னு நட முடியல. அவ்ளோதான்" என்றார்.

பதினான்கு வருஷம் நான் சுமந்ததை அவர் 'அவ்ளோதான்' என்று இறக்கி வைத்துவிட்டார். அழுகை வந்தது. மறைக்க முகமூடியும் இல்லை. அவரும் பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மட்டும் கேட்டார்:

"அந்த அமெரிக்கா வாத்தியாரம்மா ஆடினது முழுசா எங்கியாவது கெடைக்குமா? அந்த நாலு கால்ல நடக்குறான் பாரு ஒருத்தன், அவன் எப்படித் திரும்புறான்னு பாக்கணும். அடுத்த பொங்கலுக்கு வேணும்."